ஆரஞ்சுச் சட்டைப் பெரியவர்

முதுமைக்கு வெண்மையே உகந்த வர்ணம் என்னும் கொள்கை உலகில் வேறெங்கு செல்லுபடியானாலும், ஆல்ப்ஸ் மலையின் பனிச்சரிவுகளில் செல்லாது. அங்கே நரைத்த தலையும் வெள்ளைச் சட்டையுமாக ஒருவர் காலில் பலகைகளைப் பூட்டிக்கொண்டு இறங்கினால், மேலேயிருந்து பாய்ந்து வரும் இளைஞனுடைய கண்ணுக்கு அவர் இல்லாத வஸ்துவாகவே ஆகிவிடுவார். இல்லாத வஸ்துவின்மேல் மோதிவிட்டதாக ஒருவனைக் குற்றம் சாட்டுவதும் சுலபமன்று. ஆகையால்தான், ஆஸ்திரியாவின் ஆர்ல்பெர்க் பிரதேசத்துக் கிராமங்களில், குளிர்காலக் காலை வேளைகளில், முதல் கேபிள் காருக்காக எல்லோருக்கும் முன்னால் வந்து நிற்கும் அந்தப் பெரியவர், கால் மைல் தொலைவிலிருந்தும் கண்ணை உறுத்தும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சட்டை அணிந்திருக்கிறார்.

அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருக்கலாம். ஓய்வு பெற்ற பொறியாளராகவோ பள்ளித் தலைமையாசிரியராகவோ இருப்பார். ஸாங்க்ட் ஆன்டனில் ஒருவரைப் பார்த்துவிட்டு மலைக்கு அப்பால் உள்ள அடுத்த ஊருக்குப் போனால் அங்கும் அவரே நிற்பது போன்ற பிரமை உண்டாகும். நிறத்தைப் பற்றி அவரிடம் தப்பித் தவறி வாய் திறந்துவிட்டால், நல்ல வெயிலில் எடுப்பாகத் தெரியும் சிவப்பு, ஒளி மங்கியதும் கறுத்துப் போகும் என்றும், நீலம் பனியின் நிழல்களோடு கலந்து மறையும் என்றும், மேகமூட்டத்திலும் தன் இருப்பை அறிவிக்க வல்லவை ஒளிரும் ஆரஞ்சும் எலுமிச்சைப் பச்சையுமே என்றும், கேபிள் கார் மேலே போய்ச் சேரும்வரை உபந்நியாசம் செய்வார். அவர் சொல்வதெல்லாம் வாஸ்தவமே. இளமையில் மனம் விரும்பியும் மரியாதைக்கு அஞ்சி விலக்கிய வர்ணங்களை முதுமையில் பாதுகாப்பு என்னும் பெயரால் அணிந்துகொள்ளலாம் என்பது அந்த உபந்நியாசத்தில் இடம் பெறாது. எனினும் கண்ணாடிக் கதவில் தெரியும் தம் பிரதிபிம்பத்தை அவர் இரண்டாம் முறை பார்ப்பதைக் கவனித்தவர்களுக்கு அது விளங்காமற் போகாது.

உலகத்தார் அனைவரும் தம்மைப் பார்க்க வேண்டும். தம் வயதை மட்டும் ஒருவரும் பார்க்கக்கூடாது. அவருடைய சித்தாந்தத்தின் சாரம் இவ்வளவே. இந்தச் சித்தாந்தத்துக்குப் பெரும் சோதனை நேருவது பருவத் தொடக்கத்தில், பலகை பழுது பார்க்கும் கடையில். காலணியைப் பலகையோடு பூட்டும் பிணைப்பு, விழும்போது தானே கழன்றுகொள்ள வேண்டும். கழலாவிட்டால் பலகை ஒரு திசையிலும் பாதம் ஒரு திசையிலும் முறுக, இடையில் அகப்பட்ட எலும்பு முறிய நேரிடும். எவ்வளவு விசையில் கழல வேண்டும் என்பதை எடை, உயரம், காலணி அடியின் நீளம், சறுக்கும் பாணி ஆகியவற்றைக் கொண்டு ஓர் அட்டவணை பார்த்து நிர்ணயிக்கிறார்கள். ஐம்பதும் அதற்கு மேலும் வயதானவர்களுக்கு அந்த அட்டவணையில் ஒரு படி இறக்கி, இன்னும் இலகுவாகக் கழலும்படி அமைப்பது விதி. எலும்பைக் காப்பதற்கென்று ஏற்பட்ட இந்தச் சலுகையைப் பெரியவர் பதவி இறக்கமாகவே கருதுகிறார்.

"ஐயா, தங்கள் வயது?" என்று கடைப் பையன் பேனாவை எடுப்பான்.

"நான் பிறந்த வருஷம் பனி கூரைவரை கொட்டியது" என்பார் அவர்.

"அது எந்த வருஷம், ஐயா?"

"உன் தாத்தாவைக் கேள், சொல்லுவார்."

பையன் மேற்கொண்டு கேட்பதில்லை. முந்தின நாள் மாலையே பெரியவரின் மனைவியார் தொலைபேசியில் கூப்பிட்டு, பிறந்த தேதியைத் தெரிவித்து, "அவரிடம் சொல்லாதே, தம்பி" என்றும் எச்சரித்து வைத்திருப்பது அவனுக்கும் அந்த அம்மையாருக்கும் இடையே வருஷா வருஷம் நடக்கும் ரகசிய உடன்படிக்கை.

தலைக்கவசத்தின் விஷயத்தில் அவர் நெடுங்காலம் பிடிவாதமாக இருந்தார். கம்பளிக் குல்லாயே போதும் என்றவர், ரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடத் தொடங்கிய பிறகு, இந்த நிலையில் தலையில் படும் சிறு அடியும் உள்ளே பெருங் கசிவாகலாம் என்று வைத்தியர் விளக்கியதன் பேரில், மனமில்லாமல் இணங்கினார். ஆனால் எல்லைக்கு அப்பால் இத்தாலியில், பதினெட்டு வயதுக்கு உட்பட்டோருக்கு மட்டும் கட்டாயமாக இருந்த தலைக்கவசம் 2025 நவம்பர் முதல் எல்லா வயதினருக்கும் கட்டாயமாக்கப்பட்டதும், அவருடைய அபிப்பிராயம் அடியோடு மாறிவிட்டது. வயதைக் கேளாத சட்டம் உயர்ந்த சட்டம் என்று இப்போது அதை எங்கும் புகழ்கிறார்.

சரிவில் இறங்கிய பிறகு அவருடைய வேதம், சர்வதேச பனிச்சறுக்குச் சம்மேளனம் 1967-ஆம் ஆண்டில் வகுத்த பத்து விதிகள். அவற்றுள் மூன்றாவது விதி அவருக்கு மிகவும் பிரியமானது: பின்னால் வருபவரே முன்னால் போகிறவருக்கு ஆபத்து நேராதபடி தம் வழியைத் தேர்ந்துகொள்ள வேண்டும். மெதுவாகப் போகும் மனிதர் பெரும்பாலும் முன்னால் போகிறவராகவே இருப்பாராதலால், இந்த விதி தமக்காகவே இயற்றப்பட்டது என்று அவர் நம்பி, அகலமான சரிவின் முழு விஸ்தீரணத்தையும் பட்டா வாங்கிய நிலம்போல் குறுக்கும் நெடுக்குமாக அனுபவிப்பார். "நியாயம் முன்னால் போகிறவர் பக்கம் இருக்கலாம், எலும்பு யார் பக்கமும் இராது" என்பார் மனைவியார், அதற்குப் பெரியவரிடம் விதி எண் எதுவும் இல்லை.

ஐந்தாவது விதியை அவர் அவ்வளவாகப் பாராட்டுவதில்லை. நின்ற இடத்திலிருந்து புறப்படுமுன் மேலும் கீழும் பார்க்கவேண்டும் என்பது அது. மேலே பார்ப்பதற்குக் கழுத்து திரும்பவேண்டும். கழுத்தோ சில வருஷங்களாக ஒத்துழைப்பதை நிறுத்திவிட்டது. ஆறாவது விதி, குறுகலான இடத்திலும் மேலிருந்து வருவோர் பார்வையில் படாத இடத்திலும் நிற்கக்கூடாது என்கிறது. இதை மீறி, மேட்டின் முதுகுக்குச் சற்றுக் கீழே கூட்டமாக நின்று படம் எடுத்துக்கொள்ளும் இளைஞர்களைக் கண்டால் பெரியவருக்குப் பொறுக்காது. உடனே அவர்கள் நடுவே போய் நின்று, அங்கே நிற்பது எவ்வளவு அபாயகரமானது என்பதைக் கால் மணி நேரம் விஸ்தாரமாக எடுத்துரைப்பார்.

பரிகாசத்துக்கு இடமில்லாத ஒரு சமயமும் உண்டு. மேகம் தாழ்ந்து, வானமும் தரையும் ஒரே சாம்பல் வெளுப்பாகி, நிழல் என்பதே இல்லாமற் போகும் நாட்களில், பள்ளம் மேடு ஒன்றும் தெரியாமல் இளைஞர்கள் தடுமாறுவார்கள். பெரியவரோ ஒளி வேறுபாட்டை எடுப்பாகக் காட்டும் மஞ்சள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வெட்டவெளியை விட்டு விலகி, மரங்களை ஒட்டிய கீழ்ச் சரிவுகளில், ஓரத்துக் கம்பங்களை ஒவ்வொன்றாக எண்ணியபடி நிதானமாக இறங்குவார். அப்போது அவர் பின்னால் நாலைந்து பேர் அந்த ஆரஞ்சுச் சட்டையையே வழிகாட்டியாகக் கொண்டு வாய் பேசாமல் தொடர்வதைக் காணலாம். ஹான்னெஸ் ஷ்னைடர் ஸாங்க்ட் ஆன்டனில் வளர்த்த பனிச்சறுக்குப் பள்ளியின் குருபரம்பரையில் தாம் வந்தவர் என்ற பழைய பெருமையை அன்று மாலை அவர் இருமடங்காக்கிச் சொல்வது மன்னிக்கத்தக்கதே.

மதியத்துக்குமேல் கால் களைக்கும்; பனியும் குழைந்து கனக்கும்; ஊர் முழுவதும் ஒரே வழியாகக் கீழே இறங்கும். அந்நேரத்தில் கேபிள் காரிலேயே இறங்கிவிடுவது விவேகம் என்று பெரியவருக்குத் தெரியும். ஆனால் இறங்கும் கேபிள் காரில் தம்மை யாரேனும் பார்த்துவிட்டால்? அந்தச் சட்டையோடு அங்கே ஒளிய முடியாது. ஆகவே, மனைவியார் உடனிருக்கும் நாட்களில், "அம்மையாருக்குக் களைப்பு" என்று பெட்டியில் உள்ளவர்களுக்கெல்லாம் அறிவித்துக்கொண்டு ஏறுவார். அந்த உத்தமியும் களைத்தவர்போல் சாய்ந்து உட்கார்ந்து கொடுப்பார்.

ஒரு நாள் அம்மையார் ஜலதோஷத்தோடு வீட்டில் தங்கிவிட்டார். களைப்பைச் சுமத்துவதற்கு ஆள் இல்லாமையால் பெரியவர் பலகைகளிலேயே இறங்கலானார். பாதி வழியில், ஓரத்தில் சற்று இளைப்பாறிய பின், தேர் நிலைபெயர்வது போல உடம்பு முழுவதையும் திருப்பிப் புறப்பட்ட தருணத்தில், ஒற்றைப் பலகையில் வந்த ஒரு வாலிபன் அவர்மேல் உரசி, இருவரும் பனியில் சரிந்தனர். பிணைப்பு காலத்தே கழன்றது, கால் தப்பியது. இதற்குக் காரணம் ஷ்னைடர் பாணியில் விழத் தெரிந்திருந்ததே என்று அவர் இன்றுவரை கூறிவருகிறார்.

"மன்னிக்கணும், ஐயா. நான் உங்களைப் பார்க்கவேயில்லை" என்றான் வாலிபன்.

விழுந்ததைக் காட்டிலும் இந்த வார்த்தைதான் அவருக்கு வலித்தது. அந்தச் சட்டையின் விலை, அது ஒளிரும் தத்துவம், மூன்றாவது விதி, எல்லாவற்றையும் பனியில் உட்கார்ந்தபடியே சொல்லி முடிப்பதற்குள், யாரோ மேற்புறத்தில் இரு பலகைகளைக் குறுக்காக நட்டு அடையாளம் வைக்க, மீட்புப் பணியாளரும் வந்து சேர்ந்தார். விபத்தில் சம்பந்தப்பட்டோர் தங்கள் விவரங்களைத் தரவேண்டும் என்ற பத்தாவது விதியைப் பெரியவரே ஞாபகப்படுத்தினார். பணியாளர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். பெயரைக் கேட்டார், பெரியவர் எழுத்துக் கூட்டிச் சொன்னார். ஊரைக் கேட்டார், ஊரோடு குருபரம்பரையையும் சேர்த்துச் சொன்னார்.

"வயது?"

பெரியவர் எழுந்து நின்றார். கழன்ற பலகையைக் காலால் இழுத்துப் பூட்டிக்கொண்டு, தமக்கு ஒன்றும் நேரவில்லையென்றும், இளைஞன் நல்ல பிள்ளையென்றும், எழுதிக்கொள்ளத் தக்க விபத்தே நடக்கவில்லையென்றும் ஒரே மூச்சில் அறிவித்துவிட்டு, மேலே யார் வருகிறார்கள் என்று திரும்பியும் பாராமல், அந்த வருஷத்தில் அவர் போயிராத வேகத்தில் கீழே இறங்கிவிட்டார்.