கண்மாய்ப் பூச்சியும் ஒளியிற மாப்ளையும்

வா மாப்ளே, இப்படித் திண்ணையில உக்காரு. பொழுது அடைஞ்சாத்தான் ஒன் மொகம் தெரியுது. பகல் பூரா எங்க இருந்தேன்னு நான் கேக்கல. வட்டிக்காரர் வண்டிச் சத்தம் அடங்குறதுக்கும் நீ தெருவுக்கு வாறதுக்கும் கணக்குச் சரியா இருக்கு.

வெக்கப்படாத. ஒன் சொந்தபந்தம் கண்மாய்க்குள்ள கோடிக்கணக்குல கெடக்கு. டாப்னியான்னு ஒரு தண்ணிப்பூச்சி, வாத்தியார் மகன் சொன்னான். எள்ளுக்கும் சின்னது. கிளாஸ்ல மோந்து வெளிச்சத்துக்கு நேராப் பிடி, தத்தித் தத்தி நீந்தும். கண்ணாடி ஒடம்பு, தின்ன பச்சைப்பாசிகூட வெளிய தெரியும். பகல்ல மேல வந்தா மீன் விடுமா? வெயிலுக்கு அடித்தண்ணியில கெடந்துட்டு, இருட்டினதும் மேல வந்து பாசி மேயும். மீனைக் கண்ணால பாக்கணும்னுகூட இல்ல, மீன் இருக்கிற தண்ணி வாடையே போதும். நீ பீடி நாத்தத்துலயே வட்டிக்காரரக் கண்டுக்கிற மாதிரி.

ஒளியிறதுக்கும் கூலி உண்டு. ஆழத்துல குளிரு, தீனி கம்மி. வளத்தி மட்டுப்படும், முட்டை பொரியவும் நாளாகும். நீயும் ரெண்டு மாசமா இளைச்சுத்தான் போயிட்ட.

ஆனா இது ஆழமான ஏரிக்கு. இடுப்பளவுத் தண்ணியில அடிக்குப் போயி என்ன மறைவு? ஒன் ஒத்த அறை வீடு மாதிரிதான். டென்மார்க்கு நாட்டுல ஆழமில்லாத ஏரியில பாத்திருக்காக: பகல்ல கீழ போறதுக்குப் பதிலா ஓரமா நகர்ந்து நீர்ச்செடிக்குள்ள பதுங்குதாம். நீ வைக்கப்படப்புக்குள்ள புகுந்த பாரு, அதே வித்தை. வெக்கை நாட்டு ஏரியில அதுவும் அவ்வளவாப் பலிக்காது. பொடிமீனும் அந்தச் செடிக்குள்ளதான் குடியிருக்கும். படப்புக்குள்ள ஒனக்கு முந்தி ஒன் மச்சினன் உக்காந்திருந்தான்ல? அவனுக்கும் நீ பாக்கி.

இன்னொண்ணு கேளு. மொசாம்பிக்குல கஹோரா பாசான்னு ஒரு அணை. பௌர்ணமி கழிஞ்ச ராத்திரியில நிலா பிந்தித்தான உதிக்கும்? பொழுது சாஞ்சதும் நல்ல இருட்டுன்னு நம்பிப் பூச்சியெல்லாம் மேல வந்துரும். வந்து மேயுற நேரத்துல நிலா எந்திரிக்கும். அம்புட்டுத்தான், சாளை இனத்து மீனுக்கு விருந்து. போலந்து விஞ்ஞானி கிளிவிச் 1986-ல எழுதிவச்சிருக்கார்.

நேத்துத்தான் பௌர்ணமி. கிழக்க பாரு, பனைக்குப் பின்னால வெளிச்சம் வருது. ஒன்னைய எதுக்கு இம்புட்டு நேரம் பேச்சுல பிடிச்சுவச்சேன்னு நெனைச்ச? போன பொங்கலுக்கு வாங்கின 500 ரூவா, மாப்ளே. இப்ப எல்லாம் நல்லாத் தெரியுது, மடியை அவுரு.