பழம் தின்று இளைப்பது எப்படி?

எந்தப் பழம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தர்பூசணி பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். நூறு கிராமுக்கு 30 கலோரிதான், மற்றதெல்லாம் தண்ணீர். குழாயில் வருவதைக் காசு கொடுத்துத் தின்பானேன்? கொய்யா இன்னும் ஆபத்து. நூறு கிராமில் 5 கிராம் நார்ச்சத்து. காலையில் இரண்டு தின்றால் இட்லிக்கு இடமில்லாமல் போய்விடும். போதாததற்கு, கொய்யாவும் பப்பாளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தவை. நமக்கு முக்கனி இருக்கும்போது அவை எதற்கு? பண்ருட்டிப் பலாச்சுளை நூறு கிராமுக்குக் கிட்டத்தட்ட 95 கலோரி, வாழைப்பழம் 90. பாரம்பரியத்துக்கு ஒரு கனம் வேண்டாமா?

மாம்பழத்தை மட்டும் தனியாகத் தின்னக் கூடாது. அது 60 கலோரியோடு நின்றுவிடும். தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள வேண்டும். சாதம் தீரும்போது பழம் மிச்சமிருக்கும். பழத்துக்காக இன்னொரு கரண்டி சாதம். சாதம் மிச்சமிருந்தால் இன்னொரு கீற்று பழம். சாதமும் பழமும் ஒரே நொடியில் தீர்ந்து எழுந்தவர் எந்த வீட்டிலும் கிடையாது. கொட்டை யாருக்கு என்ற பஞ்சாயத்து முடிவதற்குள் இந்தச் சுற்று இரண்டு முறையாவது நடந்துவிடும்.

மென்று தின்ன நேரமில்லாதவர்களுக்கு ஜூஸ் கடை. ஒரு சாத்துக்குடியை உரித்துத் தின்றால் அடுத்ததற்குக் கை போகாது. அதையே பிழிந்தால் நான்கு பழம் ஒரே மூச்சில் இறங்கும், சக்கை மட்டும் கடைக்காரரின் குப்பைக்கூடைக்குப் போகும். “சர்க்கரை கம்மியா” என்று சொல்லிவிடுங்கள். அவர் தலையாட்டிவிட்டு வழக்கம்போல நான்கு ஸ்பூன் போடுவார். சொன்ன புண்ணியம் உங்களுக்கு. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சர்க்கரையைக் குறைக்கச் சொன்னபோது, ஜூஸில் இருக்கும் இனிப்பை வெள்ளைச் சர்க்கரையோடு ஒரே கணக்கில் எழுதியது. முழுப் பழத்தில் இருப்பதை விட்டுவிட்டது. ஜெனீவாவில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நம் ஊர் மே மாதம் தெரியுமா?

அதே கடையில் பட்டர் ஃப்ரூட் மில்க் ஷேக்கும் உண்டு. பெயரிலேயே ஃப்ரூட் இருப்பதால் சந்தேகம் வேண்டாம். ஃப்ரூட் சாலட் கேட்டால் ஐஸ்கிரீமுக்கு அடியில் ஆப்பிள் துண்டுகள் கிடைக்கும், பொறுமையாகத் தேடுங்கள். உச்சியில் வைத்திருக்கும் செர்ரி பெரும்பாலும் செர்ரியே அல்ல, சர்க்கரைப் பாகில் ஊறிச் சாயம் ஏறிய களாக்காய். இருந்தாலும் அதுவும் மரத்தில் காய்த்ததுதானே, பழக்கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

பழனி பஞ்சாமிர்தத்தையும் மறக்க வேண்டாம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. மலைவாழையும் பேரீச்சையும் இருப்பதால் பழம். நாட்டுச்சர்க்கரை, கற்கண்டு, தேன், நெய் ஆகியவை பிரசாதம். பிரசாதத்துக்கு யாரும் கலோரி பார்ப்பதில்லை.

எப்போது சாப்பிடுவது? சாப்பாட்டுக்குப் பிறகு. கல்யாணப் பந்தியில் பாயசத்துக்கும் அப்பளத்துக்கும் நடுவே ஒரு வாழைப்பழத்தைப் பிசைந்து அடித்தால் ஜீரணம் ஆகும் என்று பக்கத்து இலைக்காரர் சொல்வார், கேளுங்கள். சில அவசரக்காரர்கள் நாலு மணி பஜ்ஜியை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் ஒரு கொய்யாவைக் கடித்து, மெல்ல மெல்ல இளைத்துவிடுகிறார்கள். அது குறுக்கு வழி. பஜ்ஜியையும் தின்று கொய்யாவையும் தின்பவரே பழத்துக்கு உரிய மரியாதை செய்பவர்.

ஒரு மாதம் இப்படிச் செய்த பிறகு எடை பாருங்கள். கடைத்தெரு எந்திரத்தை நம்பாதீர்கள், அது செருப்பையும் சேர்த்து நிறுக்கும். நேராக ஊருக்குப் போய் அம்மா முன்னால் நில்லுங்கள். “ஐயோ, பழம் பழம்னு பட்டினி கிடந்து துரும்பா இளைச்சுட்டியேடா” என்று சொல்லி, உங்கள் சாதத்தில் ஒரு கரண்டி நெய்யைக் கூடுதலாக ஊற்றுவார்.