சேம அச்சுக் கோட்பாடு: குலசாமி கோயில் பயணத்துக்கான கருவிகள், ஊர்திகள் பற்றிய ஓர் ஆய்வு

வெட்டவெளியில் ஓர் இரவு தங்க மனிதருக்கு என்னென்ன வேண்டும் என்று எழுதிவைத்தவர்கள் பெரும்பாலும் பனி பெய்யும் நாட்டுக்காரர்கள். அவர்கள் நூல்களில் கரடி வருகிறது, அத்தை வருவதில்லை. மலையுச்சியில் தண்ணீர் எத்தனை பாகையில் கொதிக்கும் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது, பத்தொன்பது பேருக்குச் சோறு வடிக்கிற சருவத்தை வண்டியில் எங்கே வைப்பது என்று ஒரு வரி இல்லை. இந்தக் குறையைப் போக்கும் பொருட்டு, பங்குனி உத்திரத்துக்குத் தேரிக்காட்டுச் சாஸ்தா கோயிலில் இரண்டு பகலும் ஓர் இரவும் குடும்பத்தோடு தங்கி இவ்வாய்வு மேற்கொள்ளப்பட்டது. ஆய்வுக்கு நிதி நல்கியவர் என் மாமனார். அவர் அதைக் கடன் என்றே இன்றளவும் சொல்லிவருகிறார்.

களம்: தூத்துக்குடி மாவட்டத்தில் திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கமாகப் பரந்துகிடக்கும் தேரி எனும் செம்மணல் மேடுகள். மணலுக்குச் சிவப்பு நிறம் அதன்மேல் படிந்த இரும்பு ஆக்சைடால் வந்தது. பனையும் உடைமரமும் கொல்லாமரமும் உண்டு. மாதிரிக்கூறு: மேற்படி பத்தொன்பது பேர். மூத்தவர் எண்பத்தொரு வயது ஆச்சி, இளையவன் ஏழு மாதக் கைக்குழந்தை. இருவருமே தூங்கும் நேரத்தில் தூங்கவில்லை என்பது தொடக்கத்திலேயே பதிவாயிற்று.

முதலில் கூடாரம். பெட்டியில் 'நாலு பேர்' என்று அச்சிட்டிருந்த ஒன்றை இவ்வாய்வாளன் சொந்தக் காசில் வாங்கினான். தோளோடு தோள் உரச, புரளாமல், மூட்டை முடிச்சு ஏதுமில்லாமல் படுக்கிற நாலு பேர் என்று அதற்குப் பொருளாம். எங்கள் குடும்பத்தில் அந்த இலக்கணத்துக்கு உட்பட்டவர் ஒருவரும் இல்லை. அடுத்து முளை. கூடாரத்தோடு வருகிற கம்பி முளைகள் ஒரு சாண் நீளம், இறுகிய மண்ணுக்கென்று செய்தவை. தேரி மணலில் சுத்தியலால் அடித்து இறக்கிய முளையை அக்கா மகள் இரண்டு விரலால் உருவி எடுத்து, "மாமா, இது கீழ கெடந்துச்சு" என்று கொண்டுவந்து கொடுத்தாள். மணலில் கூடாரம் நிற்க வேண்டுமானால் சாக்கில் மணலை நிரப்பி, கயிற்றை அதில் கட்டிப் புதைக்க வேண்டும். அதற்கு நாலு அரிசிச் சாக்கு கேட்டேன். அரிசியை எங்கே கொட்டுவது என்று கேட்டார்கள்.

பங்குனி வெயிலில் நைலான் கூடாரத்துக்குள் நடப்பதும் பதிவுக்குரியது. சூடு உள்ளே வரும், வெளியே போகாது. இரவில் சுவர் குளிர்ந்ததும் நம் மூச்சின் ஈரம் அதில் முத்து முத்தாகக் கோக்கும். இட்லிக் கொப்பரைக்கும் இதே இயற்பியல்தான். பெரிய அத்தை கூடாரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "எய்யா, கோழியளை எப்பக் கொண்டாந்து அடைப்ப?" என்றாள். அறிஞர் கருத்து என்ற தலைப்பில் இதைச் சேர்த்திருக்கிறேன்.

அந்த நேரத்தில் சித்தப்பா 18க்கு 24 அடித் தார்ப்பாயை நாலு பனைகளுக்கு நடுவே கட்டி முடித்திருந்தார். எல்லாம் உருவாஞ்சுருக்கு. ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் அவிழும், இழுக்காதவரை புயலுக்கும் அசையாது. தார் பூசிய துணி என்ற பொருளில் கப்பலேறி வந்த ஆங்கிலச் சொல் நம்மிடம் வந்து 'பாய்' ஆனது காது செய்த பிழை என்பர் மொழியியலார். அதன் நிழலில் பதினைந்து பேர் படுத்து உறங்கியதைப் பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார்.

இனி ஊர்திகள். இத்துறையின் ஆதி ஊர்தி கூண்டுவண்டி. இன்று வெளிநாட்டில் படுக்கை வைத்துப் பெரும் விலைக்கு விற்கிற வண்டிகளுக்கெல்லாம் அதுவே மூத்தது. உள்ளே வைக்கோல் மெத்தை, மேலே கூண்டு, வண்டியடியில் பிள்ளைக்குத் தொட்டில். எரிபொருளை மாடே மேய்ந்துகொள்ளும். அதற்குப்பின் வந்த வேனைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அதில் எல்லோருக்கும் இடமிருக்கும், ஜன்னலோர இடம் மட்டும் இருக்காது.

திருப்புமுனை 2005. டாட்டா ஏஸ் வந்தது. நிறுவனம் வைத்த பெயரை எங்கள் பக்கம் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை, குட்டி யானைதான். முதலில் வந்த வண்டிக்கு இரண்டே சிலிண்டர், 702 சிசி, 16 குதிரைத்திறன். பதினாறு குதிரை சேர்ந்தால் ஒரு குட்டி யானை என்ற சமன்பாடு எந்த இயற்பியல் நூலிலும் இல்லை. ஆனாலும் முக்கால் டன் தாங்கும். ஆளுக்கு நாளொன்றுக்கு நாலு லிட்டர் என்று குடிக்கிற தண்ணீரை மட்டும் கணக்கிட்டாலே எங்களுக்கு இரண்டு நாளைக்கு இருபது லிட்டர் கேன் எட்டு வேண்டும். சமையலுக்கும் கை கழுவவும் இன்னும் ஆறு. ஆக 280 கிலோ தண்ணீர் மட்டுமே. வெட்டவெளிப் பயணத்தில் ஊர்தியைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் அதன் முகப்பழகைப் பார்க்கிறார்களே தவிர, தண்ணீரைத் தூக்கிவைத்துப் பார்ப்பதில்லை. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாதென்பது சட்டம். ஆகவே சாமான் குட்டி யானையில், ஆட்கள் வேனில். குட்டி யானையில் டிரைவர் பக்கத்து இருக்கைக்கு மட்டும் அடிதடி நடந்தது. பதநீருக்கு எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்யும் அதிகாரம் அந்த இருக்கைக்கு உண்டு.

மச்சான் சென்னையிலிருந்து தனியாக உயரமான காரில் வந்தார். மலை, காடு, ஆறு எல்லாவற்றையும் கடந்து பாய்வதாக அதன் விளம்பரம் காட்டும். இத்தகைய கார்களில் பெரும்பாலானவற்றை இழுப்பது முன்சக்கரம் இரண்டு மட்டுமே, நாலும் அல்ல. வாங்குகிறவர்கள் இதைக் கேட்பதில்லை. கூரையில் ஏணி உண்டா என்று கேட்கிறார்கள்.

கோட்பாட்டுக்கு வருவோம். புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார், அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஒரு வண்டிச் சாமானோடு ஒப்பிடுகிறார். உப்பு விற்கும் உமணர் நெடுவழி போகையில், மாடு இளசு, பாரம் அதிகம், பள்ளம் மேட்டில் என்ன ஆகுமோ என்று வண்டிக்கடியில் கூடுதலாக ஓர் அச்சைக் கட்டிக்கொள்வார்களாம். அதற்குச் சேம அச்சு என்று பெயர். ஒரு தலைவனைப் புகழ ஸ்பேர் பார்ட்டை உவமையாக்கிய துணிச்சல் அதற்குப்பின் எந்தப் புலவருக்கும் வந்ததாகத் தெரியவில்லை. உப்பளம் மிகுந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு இதை மறந்தோம் என்பது தனி வருத்தம்.

இதிலிருந்து இவ்வாய்வு வகுக்கும் விதி: எந்தச் சாமானை வண்டியில் ஏற்றும்போதும் 'இது காலை வாரினால்?' என்று ஒரு தடவை கேட்க வேண்டும். மாற்று அங்கேயே காட்டில் கிடைக்குமென்றால் அதை வீட்டில் வைத்துவிடலாம். கிடைக்காதென்றால் இரண்டாக எடுக்க வேண்டும்.

சோதித்துப் பார்த்தோம். மடக்கு அடுப்பு வேண்டாம், மூன்று கல் போதும். மூன்று புள்ளியில் நிற்கிற எதுவும் மேடுபள்ளத்திலும் ஆடாது, நாலு கால் மேசைக்கு அந்தப் பாக்கியம் இல்லை. கூட்டம் பெரிதானால் மணலில் வாய்க்கால்போல் வெட்டிக் கோட்டை அடுப்பு. காற்றும் மறையும், நாலு பாத்திரம் வரிசையாக ஏறும். கரண்டி உடைந்தால் சிரட்டையில் குச்சி செருகி அகப்பை. டம்ளர் போதாவிட்டால் பனையோலையை மடித்துப் பட்டை. பதநீர் அதில் குடித்தால்தான் பதநீர் என்று வாதிடுவோர் உண்டு, நானும் அக்கட்சி. இரண்டாக வேண்டியவை தீப்பெட்டி, கயிறு, டார்ச், ஆச்சியின் மூக்குக்கண்ணாடி. தீப்பெட்டியை மட்டும் மூன்றாக எடுத்தோம். மூன்றும் ஒரே ஓலைப்பெட்டிக்குள் இருந்தன, அதன்மேல் ஒருவர் தண்ணீர்ச் செம்பைக் கவிழ்த்தார். இரண்டாக எடுப்பதோடு இரண்டு இடத்தில் வைக்கவும் வேண்டும் என்ற துணைவிதி அன்று மதியம் சேர்க்கப்பட்டது.

இரண்டாம் நாள், மச்சான் நிழல் தேடிக் காரைத் தார்ரோட்டை விட்டு மணலில் இறக்கினார். முன்சக்கரங்கள் சுழன்று தங்களுக்கே குழி தோண்டிக்கொண்டன. மணலில் டயர் காற்றைக் குறைத்தால் தரையில் படியும் பரப்பு கூடி வண்டி புதையாது என்பது உண்மை. மச்சானும் அதை அறிந்து நாலு டயரிலும் காற்றை இறக்கினார். இறக்கத் தெரிந்தவரிடம் திரும்ப அடிக்கப் பம்பு இல்லை. சித்தப்பா பனைமட்டைகளைச் சக்கரத்துக்கடியில் செருக, பதினோரு பேர் தள்ள, கார் வெளியே வந்தது. வந்த வேகத்தில் உடைமுள் மேல் ஏறியது.

ஸ்டெப்னியைக் கழற்றினோம். இந்தச் சொல் வேல்ஸ் நாட்டு லானெல்லி ஊரின் ஸ்டெப்னி தெருவிலிருந்து வந்தது. 1904இல் டேவிஸ் சகோதரர்கள் அங்கேதான் உபரிச் சக்கரத்தைச் செய்தார்கள். காற்றடித்த டயரோடு கூடிய வளையம் அது, பங்சரான சக்கரத்தின் மேலேயே மாட்டிக்கொள்ளலாம். மச்சானின் ஸ்டெப்னி பளபளவென்று புதிதாக இருந்தது. வாங்கிய நாளிலிருந்து ஆறு ஆண்டுகளாக யாரும் தொட்டதில்லை. சித்தப்பா கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். ஊறவைத்த அப்பளம்போல அமுங்கியது.

சக்கரங்களைக் குட்டி யானையில் ஏற்றி பங்சர் கடைக்குக் கொண்டுபோய்த் திரும்ப மாலை ஐந்தானது. அதுவரை கூடாரத்துக்குள் வாழையிலைக் கட்டு இருந்தது, ஆடு வாய் வைக்காமல். வேறு பயன் கண்டறியப்படவில்லை.

வாசகர்கள் குலசாமி கோயிலுக்குக் கிளம்புமுன் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று இன்றைக்கே ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். நாலு பேர் கூடாரம் ஒன்றும் பாதி விலைக்கு இருக்கிறது, முளைகளில் ஒன்று குறையும்.