ராஜா ஆனது எந்த நாள்?

கேள்வி: நாச்சாரம் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறேன். குடும்பத்தோடு கோல்கொண்டா போய் வந்தோம். அங்கே முதல் ராஜா யார் என்று வீட்டில் இன்னும் வாக்குவாதம் ஓயவில்லை. தீர்ப்புச் சொல்லுங்கள்.
– ஒரு வாசகர், நாச்சாரம், ஹைதராபாத்

பதில்: கோட்டைக்கு முதல் என்றால் காகதீயர், அவர்கள் காலத்தில் அது மண்கோட்டை. பின்னர் அங்கிருந்து ஆண்ட குதுப் ஷாஹி அரசுக்கு முதல் என்றால் சுல்தான் குலி. ஈரானின் ஹமதான் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடித் தக்காணம் வந்த துருக்மானியர். பீதரில் பாமினி சுல்தானிடம் சேவகம் செய்து, தெலங்கானாவின் ஆளுநராக உயர்ந்தவர்.

கேள்வி: அவர் சுதந்திர மன்னர் ஆனது எப்போது?

பதில்: பாடப்புத்தகம் 1518 என்கிறது. அதே 1518-இல் கோட்டைக்குள் அவர் கட்டிய ஜாமி மசூதிக் கல்வெட்டிலோ பாமினி சுல்தான் மகமூது ஷாவின் பெயர் இருக்கிறது! பீதர் சுல்தானிடம் அப்போது அதிகாரம் ஏதும் மிஞ்சவில்லை. இருந்தும் உப்பிட்டவரின் பெயரைக் கல்லில் வைத்தார் சுல்தான் குலி. எனக்கு அவரிடம் பிடித்ததே இதுதான். 1543-இல், தள்ளாத வயதில், தொழுகையில் இருந்தபோது கொல்லப்பட்டார். ஏவியவர் பெற்ற மகன் ஜம்ஷீத்.

கேள்வி: தகப்பனைக் கொன்ற வீட்டில் அரசு எப்படி நிலைத்தது?

பதில்: இன்னொரு மகன் இப்ராகிமால். அண்ணனுக்குப் பயந்து விஜயநகரத்தில் ஏழு ஆண்டுகள் அடைக்கலம் இருந்தவர், 1550-இல் அரியணை ஏறினார். தெலுங்குக் கவிஞர்களை ஆதரித்தார். சோறு போட்ட விஜயநகரத்து ராமராயருக்கு எதிராகவே 1565-இல் தலைக்கோட்டைப் போரில் நின்றார்; அதை நான் மன்னிப்பதாக இல்லை. ஆனால் தண்ணீர் விஷயத்தில் அவருக்கு ஒரு கும்பிடு. உசேன் சாகர் அவர் காலத்து ஏரி.

கோல்கொண்டாவின் பெருமையும் தண்ணீர்தான். சுவர்களைக் கிட்டே போய்ப் பாருங்கள். காரை உதிர்ந்த இடங்களில் சுட்ட களிமண் குழாய்கள் தெரியும். துர்கம் செரு ஏரியிலிருந்து வந்த நீரைச் சக்கரங்களால் தொட்டிக்குத் தொட்டி ஏற்றி, சுமார் 120 மீட்டர் உயரக் கருங்கல் குன்றின் மேலே கொண்டுபோனார்கள். இப்படி நீர் ஏற்றிய கோட்டையை 1687-இல் எட்டு மாத முற்றுகைக்குப் பிறகுதான் ஔரங்கசீப்பால் பிடிக்க முடிந்தது.

கேள்வி: குன்றைப் பிடித்துத் தலைநகர் அமைத்த கதை வெளிநாட்டில் உண்டா?

பதில்: மடகாஸ்கரில் உண்டு. சுல்தான் குலியின் கொள்ளுப்பேரன் தலைமுறைக்குச் சமகாலத்தவர் ஆண்ட்ரியன்ஜாகா. மலைநாட்டு மெரினா மக்களின் அரசர். 1610 வாக்கில் அனலமங்கா குன்றை வசிம்பா மக்களிடமிருந்து கைப்பற்றி, ஆயிரம் வீரர்களைக் காவல் வைத்தார் என்பது அங்குள்ள மரபு. இன்றைய தலைநகர் அந்தனனரிவோ அதுதான். அவரும் கோட்டையோடு நிற்கவில்லை; அடிவாரச் சதுப்பை வடித்து நெல்வயலாக்கத் தொடங்கினார். அவர் குன்றைப் பிடிப்பதற்குச் சுமார் இருபது ஆண்டுகள் முன்பு, 1591-இல்தான், உங்கள் ஹைதராபாத் பிறந்தது.

கேள்வி: கோல்கொண்டாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒட்டு உறவு உண்டா?

பதில்: உண்டே! 1640-களில் கோல்கொண்டாவின் தளபதி மீர் ஜும்லாவின் படை தெற்கே வந்தது. பூந்தமல்லி கோல்கொண்டா அதிகாரிகளின் இருப்பிடமானது. சென்னைக் கோட்டை ஆங்கிலேயர் அவர்களிடம்தான் பணிந்து பேச வேண்டியிருந்தது.

கேள்வி: அடுத்த முறை போனால் எதைப் பார்ப்பது?

பதில்: வாசலில் கைதட்டி எதிரொலி கேட்பதோடு திரும்பிவிடாதீர்கள். அந்தக் களிமண் குழாய்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். தயவுசெய்து அவற்றைத் தட்டிப் பார்க்கவோ, சுவரில் பெயர் கிறுக்கவோ விடாதீர்கள்.