பிங் அண்ணன்

ஆரையம்பதியில் ஒரு வளவுக்குள் எத்தனை வீடு என்று எண்ணுவதைவிட, அங்கே எத்தனை பெண் பிள்ளைகள் என்று கேட்பது சுகம். தாய்வீடு மூத்தவளுக்கு, பக்கத்துக் கல்வீடு நடுவிலாளுக்கு, வேலியோரத்து வீடு கடைக்குட்டிக்கு. எங்கள் பக்கம் பெண் பெட்டி தூக்குவதில்லை; மாப்பிள்ளைதான் பெட்டியோடு வருவார். எங்கள் வளவுக்கு அப்படி மூன்று பெட்டிகள் வந்தன. இரண்டில் உடுப்பு இருந்தது. மூத்த சகலனின் பெட்டியில் ஒரு கிரிம்பரும் நீலக் கேபிளும் இருந்தன.

எனக்கு அவர் அண்ணன். ஊருக்குப் பிங் அண்ணன். இந்தச் சாதி ஆட்களை நீங்களும் கண்டிருப்பீர்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கொம்பியூட்டர் தனித்தனியே இருந்தால் இவர்களுக்குச் சோறு இறங்காது. கலியாணத் தரகருக்குக் குமர்ப்பிள்ளைகளைக் கண்டதுபோல. தொடுத்துவிட வேண்டும். தொடுத்தபின் அவை என்ன பேசிக்கொள்கின்றன என்பது இவர்கள் கவலை அல்ல.

அண்ணன் வாவிக்கு அந்தப் பக்கத்துப் படுவான்கரையில் பிறந்தவர். 2014இல் மண்முனைப் பாலம் வரும்வரை, இங்கே வர வேண்டுமென்றால் துறையில் பாதை என்கிற மிதவைக்குக் காத்து நிற்க வேண்டும். ஆளும் சைக்கிளும் நெல்மூட்டையும் ஏறி, வாவியைக் கடந்து, இறங்கி, மறுகா அதே பாடு. அந்தக் காத்திருப்பு அவருடைய எலும்பில் ஊறிவிட்டது. "தம்பி, பென்ட்றைவ் எண்டது பாதை. ஏத்து, இறக்கு, கிறுகி வா. நெட்வேக் எண்டாப் பாலம்" என்பார். பாலம் கட்டி முடிய எத்தனை நாளாகும் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது.

நான் கேட்காமலே மாட்டிக்கொண்டேன். நடுச் சகலனின் மகளுக்குச் சாமத்திய வீடு நடந்தது. வீடியோக்காரர் கொடுத்த ஒரே பைல் 6 ஜிபி, அவர்கள் வீட்டுக் கொம்பியூட்டரில். மாமிக்கு அதை எங்கள் வீட்டுப் பெரிய திரையில் பார்க்க ஆசை. இடையில் பதினைந்து எட்டு நடை. 32 ஜிபி பென்ட்றைவைச் செருகினேன். வெறுமையாகக் கிடந்த பென்ட்றைவ், பைல் பெரிது என்று ஏற்க மறுத்தது. "இதென்ன சோலி!" என்று கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன். வேலிக்கு அப்பால் ஒரு தலை எழும்பியது.

"ஃபாட் 32 தம்பி. தோணியில எவ்வளவு இடமிருந்தாலும் 4 ஜிபிக்கு மேல பாரமான ஆளை ஏத்தாது. லேன் இழுப்பம்."

அதே பென்ட்றைவை எக்ஸ்ஃபாட்டுக்கு மாற்றினால் ஐந்து நிமிடத்தில் அலுவல் முடியும் என்பது அவருக்கு அன்றே தெரியும். எனக்குத் தெரிய ஒரு மாதம் ஆனது.

வெள்ளி பின்னேரம் காத்தான்குடிக்குப் போய்க் கிளிப் வாங்கி வந்தார். திண்ணையில் சம்மணம் கட்டி, கேபிளின் தோலை உரித்து, எட்டுக் கம்பியையும் பிரித்து, "வெள்ளைச் செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை மண்ணிறம், மண்ணிறம்" என்று ஓதினார். கண்ணை மூடிக்கொண்டு ஓதியதால் இரண்டு கிளிப் வீண். பழைய கிளிப்பில் பச்சைக் களிம்பு. ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக உள்ள ஊரில் செம்பு என்ன பாடுபடும்! "நூறு மீற்றர் வரைக்கும் இழுக்கலாம். எங்கட வளவு முப்பதோட முடியுது" என்று பெருமூச்சு விட்டார். சீதனத்தில் காணி குறைந்த மாப்பிள்ளை விடும் பெருமூச்சு அது. வைஃபையில் அனுப்பினால் என்ன என்றேன். "அது காத்து. காத்தை நம்பிக் கலியாணம் பேசுவாங்களா?"

மாமி எட்டிப் பார்த்தார். "ஏன் மருமகன், இது கொழும்புக்குப் போய்த்தானே வரும்? டேட்டா முடிஞ்சிராதா?"

இந்த இடத்தில் மட்டும் அண்ணனை நான் கும்பிடுவேன். "இல்ல மாமி. 192.168 எண்டு தொடங்கிற நம்பர் வளவுக்குள்ள கூப்பிடுற செல்லப் பேர். எல்லா வீட்டிலயும் ஒரு குஞ்சு, ஒரு கிளி இருக்குதானே? றோட்டில நிண்டு 'குஞ்சு' எண்டு கூப்பிட்டா ஆரும் வரமாட்டாங்க. இது வளவுக்குள்ளயே போய் வளவுக்குள்ளயே வாறது." இணையம் அறுந்து கிடந்தாலும் பைல் போகும், றவுட்டருக்குக் கரண்ட் இருந்தால் போதும். அடுத்த வீட்டுக்கு வாட்ஸப்பில் படம் அனுப்பி, அதைக் கடல் கடத்திக் கிறுக்கி எடுக்கிற நமக்கு இது விளங்கினால் நல்லது.

சனிக்கிழமை அனுமதிப் பிரச்சினை. எந்தப் போல்டரை யார் திறக்கலாம் என்பது, கோயிலில் எந்தக் குடிக்கு எந்த நாள் திருவிழா என்பதைவிடச் சிக்கலாகிவிட்டது. ஆளுக்கொரு கடவுச்சொல் வைத்தார், தன்னுடையதை மறந்தார். இதையெல்லாம் சுகமாக்க வின்டோஸ் 7ஓடு 2009இல் வந்த ஹோம்குறூப்பை 2018இல் எடுத்துவிட்டார்களாம். அதைச் சொல்லும்போது குரல் தழுதழுத்தது. முப்பத்தோராம் நாள் சோறு கொடுக்காததுதான் குறை.

பிறகு, மற்றக் கொம்பியூட்டரைக் கூப்பிட்டுப் பார்க்க, கறுப்புத் திரையில் பிங். பதில் இல்லை. மறுபடி பிங். இல்லை. மைக் மூஸ் என்ற அமெரிக்கர் 1983இல் இதை எழுதி, நீர்மூழ்கிக் கப்பல் தண்ணீருக்குள் அனுப்பும் ஒலியின் பெயரை வைத்தார். அண்ணன் குனிந்திருந்த கோலமோ, கல்லடிப் பாலத்தடியில் பௌர்ணமி இரவில் துடுப்பை வாவிக்குள் விட்டு, மறுமுனையில் காது வைத்து மீன் பாடுகிறதா என்று கேட்பவரின் கோலம். ஞாயிறு காலையில்தான் காரணம் பிடிபட்டது. நெட்வேக் தனியாரா பொதுவா என்று கொம்பியூட்டர் கேட்டபோது நடுச் சகலன் 'பொது' என்று அமத்தியிருக்கிறார். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. பொது என்றால் நல்லது என்று நினைத்துவிட்டார். அதனால் அது வீட்டாருக்கே கதவைச் சாத்திவிட்டது. மாற்றியதும் பதில் வந்தது. நான்கு வரி. அண்ணன் என்னைக் கட்டிப் பிடித்தார்.

பைல் வந்து சேர ஒன்பது நிமிடம். மாமி மூன்று நிமிடம் பார்த்தார். "ஆலாத்தி எடுக்கக்குள்ள என்னை விட்டுட்டானுகள்" என்று எழும்பிப் போனவர் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகு அந்தக் கேபிளில் யாரும் எதுவும் அனுப்பியதில்லை. பிள்ளைகள் பென்ட்றைவைக் கையில் பொத்திக்கொண்டு வீட்டுக்கு வீடு ஓடுகிறார்கள். அண்ணன் மட்டும் இரவில் படுக்கப் போகுமுன் மூன்று வீட்டுக்கும் ஒவ்வொரு பிங் விடுகிறார். மூன்றும் பதில் சொன்னால்தான் விளக்கு அணையும். இடி முழங்கினால் முதலில் கேபிளைக் கழற்றுவார். பிள்ளைகளை உள்ளே கூப்பிடுவது அதற்குப் பிறகு.

எங்கள் வளவுக்கு வருகிறவர்கள் மாமரத்தடியில் கொஞ்சம் குனிந்து வாருங்கள். நீலமாகத் தொங்குவது கொடிக்கயிறு அல்ல. போன கிழமை ஒருவர் ஈரச் சாரத்தை அதில் காயப்போட்டுவிட்டார். அண்ணன் இன்னும் அவரோடு பேசவில்லை.