அணையாச் சேர்வர் இயல்: பல்லேகலச் சான்றுகளுடன் ஒரு முன்னாய்வு

‘நில்’ என்றதும் நிற்கும் பொருள் உலகில் இல்லை என்பது எமது துணிபு. ஐயமுள்ளோர் ஒரு சேர்வரை நிறுத்தச் சொல்லிவிட்டு அருகே கதிரை போட்டு உட்காரலாம்.

சேர்வரை அணைப்பதில் இரு சமயங்கள் உண்டு. பதினைந்தார் 15ஆம் இலக்கச் சைகையை அனுப்பி, கைவேலையை முடித்துக்கொண்டு புறப்படும்படி வேண்டுவர். ஒன்பதார் 9ஐ அனுப்புவர், பேச்சுக்கே இடமில்லை. லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி இரு சாராரையும் சமரசம் செய்து, முதலில் 15, வழமையாக 90 வினாடிப் பொறுமை, பிறகு 9 என்று விதித்திருக்கிறது. 2023 செப்டெம்பர் 2ஆம் திகதி இலங்கையின் பல்லேகல மைதானத்து இந்திய - பாகிஸ்தான் ஆசியக் கிண்ண ஆட்டம் பதினைந்தார் நெறிக்குச் சான்று. இந்தியா 266 எடுத்தபின் மழை ஆட்டத்தை நிறுத்தியது. முடிவு காண இரண்டாம் அணிக்கு 20 ஓவராவது வேண்டும் என்பது விதி. பொறுத்துப் பார்த்தபின், பாகிஸ்தான் ஒரு பந்தைக்கூடச் சந்திக்காமல் ஆட்டம் கைவிடப்பட்டது.

சில சேர்வர்களுக்கு 90 வினாடி ஏன் போதவில்லை? பாமரர் மெமரி ஒழுக்கைச் சந்தேகிப்பர். எமக்கோ ஒழுக்கைப் பிடிக்க வந்த துப்பறிவாளர் மீதே சந்தேகம். இந்தத் துப்பறிவாளரான கண்காணிப்பு ஏற்பாடு, கடன் கொடுத்த ஒவ்வொரு மெமரித் துண்டையும் ஒரு சங்கிலியில் கோத்து வைக்கிறது. அணையும் வேளையில் ஒவ்வொன்றாகத் தேடி விடுவிக்கிறது. ஒவ்வொரு தேடலும் சங்கிலியின் தலையில் தொடங்கி வால்வரை போக நேர்ந்தால், 10 லட்சம் துண்டுகளுக்குச் சுமார் 50,000 கோடி எட்டு வைக்க வேண்டும்! புரோகிராம் முடிந்த கணமே இயங்குதளம் அத்தனை மெமரியையும் தானாகவே மீட்டுக்கொள்ளும் என்பதால், இது யாரும் கேட்காத நாணயம். ஒழுக்கைத் தேடும் வல்கிரைண்ட் என்ற கருவியோ புரோகிராமை 20, 30 மடங்கு மந்தமாக்குமெனத் தன் கையேட்டிலேயே எழுதி வைத்திருக்கிறது.

ஆகவே, முதலில் கண்காணிப்பை எடுத்துவிட்டு அணைத்துப் பார்க்க வேண்டும். அப்போதும் இழுத்தால், இழுக்கும் வேளையிலேயே ஜிடிபி என்ற பிழைதேடும் கருவியை மாட்டி, எந்த வரியில் நிற்கிறதெனச் சில தடவை பார்த்தால் ஆள் அகப்படும். அப்பாச்சி வலைச் சேர்வரில் இன்னொரு வழியும் உண்டு: இத்தனை இணைப்புகளைக் கவனித்ததும் பிள்ளைப் புரோசஸுக்குக் கட்டாய ஓய்வு கொடுத்துவிடலாம். அங்கே ஒழுக்கை யாரும் தேடுவதேயில்லை. ஆய்வுலகுக்கு இது அவமானம்தான். ஆனால் வேலை செய்கிறது. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் சேமிப்புப் பொறியான இன்னோடிபியில் மெல்ல அணைவது குறையே அல்ல, அமைப்பில் 0 என்று எழுதிப் பெறும் வசதி.

இறுதிச் சான்று, உலக நிலநடுக்கப் பதிவு வலையமைப்பின் பல்லேகல நிலையம் சார்ந்தது. 2004 டிசெம்பர் 26 சுமாத்திரா நடுக்கத்தின்போது இலங்கையில் தரை 9 சென்ரிமீற்றர் வரை ஏறி இறங்கியது. அதிர்ச்சி சில நிமிடங்களில் தீர்ந்தும் பூமி அணையவில்லை. ஒரு மூச்சுக்கு 20.5 நிமிடமாக, வாரக்கணக்கில் விம்மி அடங்கியது. 90 வினாடி விதிப்படி முதல் மூச்சு முடியுமுன்பே அதற்கு 9ஐ அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பும் அதிகாரம் யாருக்கு என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.