நாற்பதாம் பக்கத்தில் இறங்குபவர்

பெரம்பலூரில் புத்தகத் திருவிழா தொடங்கியது 2012இல். அன்று தொட்டு நம்மவர் ஒரு வருஷம்கூட அங்கிருந்து வெறுங்கையோடு வீடு திரும்பியதில்லை. குடியிருப்பது பெரம்பலூர், வேலை அரியலூரில் ஒரு அலுவலகத்தில். பெயர் வேண்டாம். இவரைப் போல இரண்டு மாவட்டத்திலும் தெருவுக்கு ஒருத்தராவது இருப்பார்.

அரங்குக்குள் நுழைந்ததும் அவர் கண் போவது தடித்த புத்தகங்கள் மேல்தான். பத்து சதவீதத் தள்ளுபடி போக மிச்ச விலையைப் பக்க எண்ணிக்கையால் வகுத்துப் பார்ப்பார். "ஆயிரம் பக்கம்! பக்கத்துக்கு ஒரு ரூபாகூட வரல" என்று வீட்டில் பெருமையாகச் சொன்னார். "படிச்ச பக்கத்துக்கு எவ்வளவுங்க வருது?" என்று கேட்டார் மனைவி. அன்றைக்கு அந்தப் பேச்சு அத்தோடு நின்றது.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வழி இருக்கிறது. காலையில் அரியலூர் பஸ்ஸில்தான் வாசிப்பு. அடையாளத்துக்கு உள்ளே வைப்பது பஸ் டிக்கெட். 'விஷ்ணுபுரம்' நாவல் 41ஆம் பக்கத்தில் நிற்கிறது, 'காவல் கோட்டம்' 43இல் நின்றது. அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறையில் கடல் உயிரிகள் கல்லாகிக் கிடப்பதுபோல ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு டிக்கெட் படிந்திருக்கிறது. 2018 ஜனவரியில் பஸ் கட்டணம் ஏறியதே, அதற்கு முன்னால் நின்ற வாசிப்பு எது, பின்னால் நின்றது எது என்று டிக்கெட்டில் உள்ள ரூபாயைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

அமெரிக்கக் கணித அறிஞர் ஜோர்டன் எலன்பெர்க் 2014இல், வாசகர்கள் எங்கே நிறுத்துகிறார்கள் என்ற இதே ஆராய்ச்சியைக் கிண்டில் கருவியை வைத்துச் செய்தார். வாசகர்கள் அதிகமாகக் கோடிட்ட ஐந்து வரிகள் எந்தெந்தப் பக்கத்தில் வருகின்றன என்று பார்த்துச் சராசரி எடுத்து, மொத்தப் பக்கத்தில் அது எத்தனை சதவீதம் என்று கணக்கிட்டார். ஸ்டீபன் ஹாக்கிங்கின் 'காலத்தின் சுருக்கமான வரலாறு' நூலுக்கு வந்தது 6.6 சதவீதம். தாமஸ் பிக்கெட்டியின் 'மூலதனம்' 2.4 சதவீதம். டோனா டார்ட்டின் 'தி கோல்ட்ஃபின்ச்' நாவலுக்கோ 98.5! விளையாட்டாகச் செய்த கணக்கு என்று அவரே சொல்லிவிட்டார். நம்மவருக்கு இந்தச் செய்தி தேன். உலகமே முதல் அத்தியாயத்தில் இறங்கிவிடுகிறது என்றால் இவர் மட்டும் என்ன பாவம் செய்தார்?

தடிமன்தான் காரணம் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிட முடியாது. சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' (1981) ஒல்லிப் புத்தகம். அதை அவர் இரண்டாம் பக்கத்திலேயே மூடிவிட்டார். "முதல் வரியிலேயே ஆளு செத்துட்டான் சார். அப்புறம் எதுக்குப் படிக்கணும்?"

அதே மனிதர் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகத்தையும் இரண்டு தடவை முடித்தவர். கல்கி அதை 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதினார். அடுத்த இதழ் வரும்வரை வாசகரை ஏழு நாள் பிடித்து வைக்க வேண்டியிருந்ததால், அத்தியாயம் முடியும் இடத்திலெல்லாம் ஒரு நிழலோ ஓர் அலறலோ காத்திருக்கும். இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தும் நம்மவர் எழுந்திருக்க மாட்டார். போதாததற்குச் சொந்த மண் பாசம். கதையில் வரும் பழுவூர் இருப்பது அரியலூர் மாவட்டத்தில்; பழுவேட்டரையர்கள் எழுப்பிய இரட்டைக் கோயில் மேலப்பழுவூர் பக்கம் கீழையூரில் இன்றும் நிற்கிறது. நாவலில் வரும் பெரிய பழுவேட்டரையரைப் பற்றி யாராவது தரக்குறைவாகப் பேசினால் இவருக்கு முகம் சிவந்துவிடும். "எங்க ஊர்க்காரருங்க அவரு. நந்தினியாலதான் கெட்டாரு."

அவர் முடிக்கும் இன்னொரு ரகமும் உண்டு. ராஜேஷ்குமாரின் மாத நாவலைப் பெரம்பலூரில் பிரித்தால் அரியலூரில் கொலைகாரன் பிடிபட்டிருப்பான். வருஷக் கணக்காக இப்படி முடித்தவற்றை அவர் எண்ணியதே இல்லை, யாரிடமும் சொன்னதும் இல்லை. அலுவலகத்தில் பேச்சு வந்தால் மட்டும் 'விஷ்ணுபுரம்' வெளியே வரும். தடித்த நூலை அவர் வாங்குவதே அதைப் படித்த ஆளாக நடமாடத்தான். அந்த வேலைக்கு நாற்பது பக்கமும் பின்னட்டையும் தாராளம் என்பது என் எண்ணம்.

பாதியில் நிறுத்துவதற்கு அவருக்கு ஒரு சட்டப் பாதுகாப்பும் கிடைத்தது. சியாட்டில் நூலகர் நான்சி பேர்ல் ஒரு விதி சொல்லியிருக்கிறார்: பிடிக்காத புத்தகத்துக்கு 50 பக்கம் வரை வாய்ப்புக் கொடுத்தால் போதும். ஐம்பது வயது தாண்டியவர்கள் தங்கள் வயதை நூறிலிருந்து கழித்து, வருகிற எண் வரை படிக்கலாம். நூறு வயதானவர் அட்டையைப் பார்த்தே தீர்ப்புச் சொல்லலாம். நம்மவருக்கு அப்போது வயது 57. கழித்துப் பார்த்தார்: 43! 'காவல் கோட்டம்' விஷயத்தில் விதி பிசகவே இல்லை என்று நாள் முழுக்க மகிழ்ச்சி.

2023 ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைவாசிகளுக்காக நூல்களைத் தானம் வாங்க 'கூண்டுக்குள் வானம்' என்று ஓர் அரங்கு வைத்திருந்தார்கள். பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. எனவே பாதியில் நின்ற புத்தகங்களைப் பையில் தூக்கிக்கொண்டு நம்மவர் அரியலூர் போய் ரயிலேறினார். சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' ஆயிரம் பக்கத்துக்கு மேல். களவையும் காவலையும் பற்றிய நாவல். அதைச் சிறைக்குக் கொடுப்பதில் உள்ள பொருத்தம் அவருக்கு உறைத்ததாகத் தெரியவில்லை. ஆயுள் தண்டனைக்காரர் யாராவது முடித்துவிடுவார் என்பதுதான் அவர் கணக்கு. பை காலியானதும் நேரே அடுத்த அரங்குக்குப் போய், இருப்பதிலேயே தடித்தது எது என்று விசாரிக்க ஆரம்பித்தார்.